கியோட்டோவில் படிக்கச் செல்வோருக்கு: ஜப்பானிய மொழிக்குள் ஓராண்டு வாழ்வது எப்படி

ஜப்பானிய மொழி பேசும் ஊரில் ஓராண்டு இருந்துவிட்டால் மொழி தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆற்றங்கரையில் குடியிருந்தால் நீச்சல் வந்துவிடும் என்பதைப் போன்ற நம்பிக்கை அது. கியோட்டோவில் நான் படித்த காலத்தில், ஆங்கிலவழிப் படிப்பில் சேர்ந்து, நம் ஊர் நண்பர்களோடு அறையெடுத்துத் தங்கி, இரண்டாண்டு கழித்து 'சுமிமாசென்', 'அரிகாதோ' என்ற இரண்டே சொற்களோடு ஊர் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே விடுதியில், ஆறே மாதத்தில் வார்டு அலுவலகப் படிவத்தைத் தாமே நிரப்பி, ஆய்வுக்கூடக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டவர்களும் இருந்தார்கள். இவர்களுக்கிடையே இருந்த வேறுபாட்டுக்குத் திறமை காரணமன்று. அன்றாட வேலைகளில் எத்தனையை ஜப்பானிய மொழியில் முடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை அவரவர் தமக்குத் தாமே ஏற்படுத்திக்கொண்டார்கள் என்பதுதான் காரணம். அந்தக் கட்டாயத்தை எங்கே, எப்படி ஏற்படுத்திக்கொள்வது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

கியோட்டோவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 794ஆம் ஆண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை ஜப்பானின் தலைநகராக இருந்த இந்த ஊரில் இன்று ஏறக்குறைய பதினான்கரை லட்சம் பேர் வாழ்கிறார்கள். அவர்களில் தோராயமாகப் பத்தில் ஒருவர் மாணவர். 1875இல் தொடங்கிய தோஷிஷா, 1897இல் தொடங்கிய கியோட்டோ பல்கலைக்கழகம், ரிட்சுமெய்கான் என்று ஊரெங்கும் கல்வி நிறுவனங்கள் இருப்பதால், வீட்டு உரிமையாளருக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் மாணவர்கள் பழகிப்போனவர்கள். தட்டுத்தடுமாறிப் பேசுகிறவரைப் பொறுமையாகக் கேட்கும் வழக்கம் அங்கே இருக்கிறது. டோக்கியோவில் ரயிலுக்குள் கழியும் நேரத்தை இங்கே சைக்கிளில் கழிக்கலாம் என்பதும், மொழி பழக வந்தவருக்குச் சிறிய சலுகையன்று.

புறப்படும் முன்

முதல் வேலை, ஹிரகானா, கத்தகானா எழுத்துகளை இங்கேயே கற்று முடிப்பது. ஒவ்வொன்றிலும் 46 அடிப்படை எழுத்துகள். ஒரு மாதம் போதும். ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யும் பழக்கம் மட்டும் வேண்டாம். தமிழில் ககரத்துக்கும் தகரத்துக்கும் வல்லொலி, மெல்லொலி இரண்டுக்கும் ஒரே எழுத்துதான் என்பது நமக்கு உறைப்பதே இல்லை. ஜப்பானிய மொழியில் பல்கலைக்கழகம் என்பதற்கும் படிப்பைப் பாதியில் விடுதல் என்பதற்கும் உள்ள வேறுபாடு முதல் எழுத்து மட்டுமே: 'தாமதம்' என்பதில் வரும் தகரம் போல அழுத்திச் சொன்னால் படிப்பை விடுதல், 'பந்து' என்பதில் வருவது போல மென்மையாகச் சொன்னால் பல்கலைக்கழகம். தமிழில் எழுதினால் இரண்டுமே 'தைகக்கு'தான். அறிமுகக் கூட்டத்தில், தாம் படிப்பை விடுவதற்காகவே கியோட்டோ வந்திருப்பதாக மகிழ்ச்சியோடு அறிவித்த ஒருவரை எனக்குத் தெரியும்.

இதற்கு ஈடாக வேறிடத்தில் நமக்குப் பெரிய வசதி காத்திருக்கிறது. குறில் நெடில் வேறுபாடும் ஒற்று இரட்டிப்பதும் ஆங்கிலம் பேசுகிறவர்களைத் திணறடிக்கின்றன. நமக்கோ 'ஒபசான்' என்றால் அத்தை, 'ஒபாசான்' என்றால் பாட்டி என்பது கேட்டவுடனே பிடிபடும். வாக்கிய அமைப்பு இன்னும் நெருக்கமானது. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். வினையெச்சத்தோடு துணைவினை சேரும் விதம் ஏறக்குறைய நம் அச்சேதான்: 'தபேதே மிரு' என்பது சொல்லுக்குச் சொல் 'சாப்பிட்டுப் பார்', 'கத்தே ஒகு' என்பது 'வாங்கி வை'. 'யார்' என்பதற்கான 'தரே'யோடு 'கா' சேர்ந்தால் 'யாரோ', 'மோ' சேர்ந்து எதிர்மறை வினை வந்தால் 'யாரும்'. 'கொரே, சொரே, அரே, தொரே' என்ற நான்கையும் 'இது, உது, அது, எது' என்று படித்துக்கொள்ளலாம். கேட்பவர் அருகில் இருப்பதைச் சுட்டும் 'உது' யாழ்ப்பாணத்தாருக்கு இன்றும் வாய்மொழி என்பதால், நம்மில் அவர்களுக்கு இது இன்னும் எளிது.

இந்த ஒற்றுமையை வைத்து இரு மொழிகளும் உறவுடையவை என்று வாதிட்டவர் ஜப்பானிய மொழியறிஞர் ஸுஸுமு ஓனோ. மொழியியலார் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அந்த வழக்கை நாம் தீர்க்க வேண்டியதில்லை. ஆங்கிலவழிப் பாடநூலை வைத்து ஜப்பானிய இலக்கணம் படிக்கும்போது, ஒவ்வொரு வாக்கியத்தையும் மனத்துக்குள் தமிழாக்கிப் பார்த்தால் பாதி விளக்கங்கள் தேவையற்றுப் போகும் என்பதே நமக்குப் பயன். பெயரை அடுத்து வரும் 'வா', மெல்லொலிக் 'கா' (மேலே 'தரே'யோடு சேர்ந்த வல்லொலிக் 'கா' வேறு) என்ற இரண்டு இடைச்சொற்களுக்கு இடையிலான வேறுபாட்டுக்கு மட்டும் தமிழ் கைகொடுக்காது. அதை உதாரணங்களின் வழியாகவே பழக வேண்டும்.

ஜேஎல்பிடி எனப்படும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது, சென்னையிலும் எழுதலாம். என்5 தொடக்க நிலை, என்1 உச்ச நிலை. போகும்முன் என்4 வரை முடித்துவிட்டால், முதல் மூன்று மாதங்கள் வீணாகாது. ஆனால் இந்தத் தேர்வில் பேச்சுப் பகுதியும் இல்லை, எழுத்துப் பகுதியும் இல்லை. என்2 சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை கேட்கத் தெரியாதவர்கள் உருவாவது அதனால்தான்.

செலவைப் பொறுத்தவரை, தேசியப் பல்கலைக்கழகங்களுக்கு அரசு வகுத்திருக்கும் அடிப்படைக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 5,35,800 யென். சேர்க்கைக் கட்டணம் 2,82,000 யென். சில பல்கலைக்கழகங்கள் இதை உயர்த்தியிருப்பதால், சேரவிருக்கும் இடத்தின் அறிவிப்பைப் பார்த்தே கணக்குப் போட வேண்டும். 1954 முதல் வழங்கப்பட்டுவரும் ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை கிடைத்தால் கட்டணம், விமானச் செலவு, மாதப்படி மூன்றும் அடங்கிவிடும். தூதரகம் வழியாக ஒன்று, பல்கலைக்கழகம் வழியாக ஒன்று என்று இரண்டு பாதைகள் உண்டு. ஆய்வு மாணவராகச் செல்ல விரும்புகிறவர், எந்தப் பேராசிரியரின் கீழ், எந்தக் கேள்வியை ஆராயப் போகிறார் என்பதைத் தெளிவாக எழுதித் தயாராக வைத்திருக்க வேண்டும். அந்த இரண்டு பக்கத் திட்ட வரைவுக்குச் செலவிடும் உழைப்பு ஒருபோதும் வீண்போகாது.

பெயர் என்னும் முதல் சிக்கல்

இதைப் பற்றி யாரும் முன்கூட்டியே எச்சரிப்பதில்லை. ஜப்பானியப் படிவத்தில் குடும்பப்பெயருக்கு ஒரு கட்டமும் சொந்தப்பெயருக்கு ஒரு கட்டமும் இருக்கும். நமக்கோ குடும்பப்பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். விளைவு, கவிதா என்ற பெண்ணை ஆசிரியர் முதல் அஞ்சல்காரர் வரை எல்லோரும் 'முருகேசன் சான்' என்றே அழைப்பார்கள். முதல் வகுப்பிலேயே, 'கவிதா என்று அழையுங்கள்' என்று சொல்லிவிட்டால் மறுநாள் முதல் அப்படியே அழைப்பார்கள். கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டவர்கள் இரண்டாண்டுக் காலம் அப்பாவாகவே வாழ்ந்திருக்கிறார்கள்.

அதைவிட முக்கியமானது, உங்கள் பெயரைக் கத்தகானாவில் எப்படி எழுதுவது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்வது. ழகரத்துக்கு அங்கே இடமில்லை. லகரமும் ரகரமும் ஒன்றே. நெடிலுக்குக் கோடு போடலாம், போடாமலும் விடலாம். ஆகவே ஒரே பெயரை நான்கு விதமாக எழுத முடியும். நான் வங்கியில் ஒருவிதமாகவும் உதவித்தொகைப் படிவத்தில் ஒருவிதமாகவும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு நெடில் கோடு வேறுபட்டதால் பணம் திரும்பிப்போய், அந்த மாதம் முழுவதும் கடன்தான். ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொண்டு, எங்கே கேட்டாலும் அதைப் பார்த்தே எழுதுங்கள்.

முதல் பதினான்கு நாள்கள்

கான்சாய் விமான நிலையத்திலேயே உங்கள் குடியிருப்பு அட்டை கைக்கு வந்துவிடும். பகுதிநேர வேலைக்கான அனுமதியையும் அங்கேயே, அப்போதே விண்ணப்பித்து வாங்கிவிடுவது நல்லது. பிறகு குடிவரவு அலுவலகத்துக்கு அலைய நேரிடும். தங்குமிடம் முடிவான 14 நாள்களுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். கியோட்டோ பல்கலைக்கழகப் பக்கம் குடியிருந்தால் பெரும்பாலும் அது சாக்கியோ வார்டு அலுவலகமாக இருக்கும். அதே வேளையில் தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர்ந்துவிடலாம். அதன்பின் மருத்துவச் செலவில் 30 சதவீதம் மட்டுமே நீங்கள் தர வேண்டும். 20 வயது நிறைந்தவர் தேசிய ஓய்வூதியத்திலும் சேர்ந்தாக வேண்டும் என்றாலும், மாணவர்களுக்குக் கட்டணத்தை ஒத்திவைக்கும் ஏற்பாடு உண்டு, கேட்டால்தான் கிடைக்கும்.

அலுவலகத்துக்கு ஜப்பானியத் துணைமாணவர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். ஆனால் அவரைப் பேசவிடாதீர்கள். முந்திய இரவே 'முகவரி பதிய வந்திருக்கிறேன்', 'காப்பீட்டில் சேர வேண்டும்' என்ற இரண்டு வாக்கியங்களைச் சொல்லிப் பழகிச் சென்று, சாளரத்தின் முன் நீங்களே சொல்லுங்கள். பதில் புரியாதபோது மட்டும் அவரைத் திரும்பிப் பாருங்கள். மொழிவகுப்பில் ஒரு வாரம் கற்பதை அந்த அரைமணி நேரம் கற்றுத் தரும், ஏனென்றால் அங்கே தவறினால் மதிப்பெண் குறையாது, வேலையே நடக்காது. வெளிநாட்டு மாணவருக்கு உதவப் பல பல்கலைக்கழகங்கள் ஒரு 'ட்யூட்டர்' மாணவரை அமர்த்தித் தருகின்றன. அவரைப் படிவம் நிரப்பும் எழுத்தராக ஆக்கிவிடாமல், வாரம் ஒரு மணி நேரம் பேசிப் பழகும் துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

தங்குமிடத்தில் ஜப்பானிய மாணவர்களும் சேர்ந்து வாழும் விடுதி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். தனிவீடு எடுப்பவர், திரும்பி வரும் முன்பணமான 'ஷிக்கிகின்', வீட்டுக்காரருக்கு அன்பளிப்பாகக் கொடுத்து மறந்துவிட வேண்டிய 'ரெய்கின்' இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எரியும் குப்பைக்கு நகராட்சியின் மஞ்சள் பையை விலைக்கு வாங்க வேண்டும். மறுசுழற்சிக் குப்பைக்கு உள்ளே இருப்பது தெரியும் தனிப் பை. கிழமை தவறி வைத்த பை, ஒட்டுச்சீட்டோடு அங்கேயே கிடக்கும், தெருவே பார்க்கும்படி.

வாசலில் தொடங்கும் பாடம்

எங்கள் விடுதியின் காவலர் எழுபது வயதைத் தாண்டியவர். காலையில் சைக்கிளை எடுக்கும்போது 'இத்தேராஷ்ஷாய்' என்பார். முதல் வாரம் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். பிறகு பக்கத்து அறை மாணவர் சொல்லும் பதிலைக் கவனித்தேன்: 'இத்தே கிமஸ்'. 'இத்தே' என்றால் போய். 'கிமஸ்' என்றால் வருகிறேன். நம் வீட்டு வாசலில் 'போறேன்' என்று சொன்னால் பாட்டி அதட்டித் திருத்துவாளே, அதே 'போயிட்டு வரேன்'. அன்று சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு, ஒரு நாளும் அதைச் சொல்லாமல் வெளியேறியதில்லை. மூன்றாம் மாதத்தில் வானிலை, அரிசி விலை, அவருடைய முழங்கால் வலி எல்லாம் எங்கள் பேச்சில் வந்துவிட்டன. ஒவ்வொரு நாளும் சந்திக்கும், அவசரமில்லாத ஒரு முதியவரைத் தேடிக்கொள்ளுங்கள் என்பதே இந்த வழிகாட்டியில் நான் மிக உறுதியாகச் சொல்லும் ஆலோசனை.

அவர் பேசியது வகுப்பில் கற்ற மொழியாக இருக்கவில்லை. நன்றிக்கு 'ஓக்கினி', கூடாது என்பதற்கு 'அக்கான்', மரியாதைக்கு வினையோடு ஒட்டும் 'ஹரு' என்று கியோட்டோ வழக்குக்குத் தனிச்சுவை உண்டு. அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளப் பழகுங்கள். பேசுவதற்குப் பொதுவழக்கையே வைத்துக்கொள்ளுங்கள். மதுரைத் தமிழைக் குறும்புக்காகப் பேசும் வெளியூர்க்காரர் நம் காதுக்கு எப்படிக் கேட்பார் என்று நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும்.

நேரடியாக மறுக்காத நாகரிகம் ஜப்பான் முழுவதும் உண்டு, கியோட்டோவில் சற்று மிகுதி என்பார்கள். 'சொத்தோ...' என்று இழுத்து நிறுத்தினால் முடியாது என்று பொருள். 'ஆலோசிக்கிறேன்' என்றாலும் பெரும்பாலும் அதேதான். இதைப் பற்றி மேலைநாட்டு மாணவர்கள் குறைபட்டுக்கொள்வதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். கல்யாணத்துக்கு வருவீர்களா என்று கேட்டால் 'பார்க்கலாம்' என்று சொல்லும் ஊரிலிருந்து போனவர்களுக்கு இது புரியாதா என்ன?

ஆய்வுக்கூடமும் 'செமி'யும்

மொழிக்கு அடுத்து, அல்லது மொழியோடு சேர்ந்தே, மாணவர் பெறும் பெரிய லாபம் இங்கேதான் இருக்கிறது. கலைப் பாடங்களில் பத்துப் பதினைந்து பேர் ஒரு பேராசிரியரைச் சுற்றி அமர்ந்து பேசும் 'செமி'. அறிவியலில் 'கென்க்யூஷித்சு' எனப்படும் ஆய்வுக்கூடம். 1949இல் ஜப்பானின் முதல் நோபல் பரிசைப் பெற்ற யுகாவா ஹிதேகியும், 2012இல் மருத்துவ நோபல் பெற்ற யமனாகா ஷின்யாவும் கியோட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் என்ற பெருமையைச் சுவரில் பார்க்கலாம். ஆனால் புதிதாகச் சேர்ந்தவருக்குக் கிடைக்கும் முதல் பணி, குப்பை கொட்டும் முறைப்பட்டியலில் தன் பெயரைச் சேர்ப்பதாகவோ கூட்டக் குறிப்பு எழுதுவதாகவோதான் இருக்கும். இதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு ஒதுங்குகிறவர்கள் நிறைய இழக்கிறார்கள். யார் எந்தக் கருவியைப் பயன்படுத்துகிறார், எந்தப் பரிசோதனை ஏன் தோற்றது என்பதெல்லாம் கூட்டக் குறிப்பு எழுதுகிறவருக்குத்தான் முதலில் தெரியும். சொல்வளமும் அங்கேதான் பெருகும்.

அங்கே எல்லோரும் சொல்லும் 'ஹோரென்சோ' என்ற சொல்லை மனத்தில் நிறுத்துங்கள். அறிவித்தல், தெரிவித்தல், கலந்தாலோசித்தல் என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தது. அதே ஒலிப்பில் பசலைக்கீரை என்றும் பொருள் வருவதால் யாருக்கும் மறப்பதில்லை. நம் ஊர்க் கல்லூரியில் வேலை முடிந்த பிறகு போய்க் காட்டுவோம்; இங்கே பாதியில் நிற்கும்போதே, தவறிப்போனபோதே, போய்ச் சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஒரு பக்கம், என்ன செய்தேன், எங்கே சிக்கினேன், அடுத்து என்ன என்று ஜப்பானிய மொழியில் எழுதி, முதலில் மூத்த மாணவரான 'செம்பாய்' ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொண்டு பேராசிரியருக்கு அனுப்புங்கள். முதல் பக்கத்துக்கு ஒரு நாள் முழுவதும் ஆகும். பத்தாவதுக்கு ஒரு மணி நேரம் போதும்.

பேராசிரியருக்கு நான் எழுதிய முதல் மின்னஞ்சலை என் செம்பாய் அனுப்பவிடாமல் பிடித்துக்கொண்டார். நாளை பத்து மணிக்கு வருகிறேன் என்பதை மிகுந்த மரியாதையோடு எழுத நினைத்து, அகராதியில் 'வருதல்' என்பதற்கு இருந்தவற்றிலேயே உயர்ந்த சொல்லைத் தேடிப் போட்டிருந்தேன். அது பிறர் வருகைக்கு மட்டும் உரிய சொல். தமிழில் சொன்னால், 'ஐயா, நாளை பத்து மணிக்கு நான் எழுந்தருள்கிறேன்' என்று எழுதியிருக்கிறேன். பிறரை உயர்த்துவதற்கு ஒரு வினை, தன்னைத் தாழ்த்துவதற்கு வேறொரு வினை என்ற அந்த முறை நமக்குப் புதிது. நாம் யாரிடம் பேசினாலும் 'அப்பா வந்திருக்கிறார்' என்போம். அவர்களோ வெளியாரிடம் தம் தந்தையைப் பற்றிப் பேசும்போது மரியாதை விகுதியை நீக்கிவிடுவார்கள், நிறுவன ஊழியர் வெளியாரிடம் தம் மேலாளரைக் குறிப்பிடும்போதும் அப்படியே. மரியாதை என்பது ஆளைப் பொறுத்ததன்று, யார் உள்வட்டம், யார் வெளிவட்டம் என்பதைப் பொறுத்தது என்ற இந்தக் கணக்கு பிடிபட்ட பிறகுதான், அங்கே ஒவ்வொரு வாக்கியமும் பேசுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது என்பது எனக்கு விளங்கியது. திரும்பி வந்தபின் நம் 'நீ', 'நீங்கள்' தேர்வுகளையே வேறு காதோடு கேட்கத் தொடங்கினேன்.

வேலை, சாப்பாடு, ஊர்

மாணவர் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். எத்தனை இடத்தில் செய்தாலும் மொத்தம் அவ்வளவுதான். நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8 மணி நேரம் வரை செய்யலாம். மதுக்கூடக் கேளிக்கைத் தொழில்களில் எந்த வேலையும், பாத்திரம் கழுவுவதுகூட, கூடாது. அளவு மீறினால் விசா புதுப்பிக்கும்போது வரிக் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். கூலி சற்றுக் குறைந்தாலும் வாய் பேச வேண்டிய வேலையைத் தேர்ந்தெடுங்கள். கிடங்கில் பெட்டி அடுக்கினால் கை மட்டுமே பழகும். கன்வீனியன்ஸ் கடைக் கல்லாவில் நின்றால் மரியாதைமொழி நாளுக்கு இருநூறு முறை வாயில் புரளும்.

படிப்புக்குப் பின் அங்கேயே பணியாற்ற எண்ணுகிறவர், நிறுவனங்கள் பெரும்பாலும் ஏப்ரலில்தான் புதியவர்களைச் சேர்க்கின்றன என்பதையும், அதற்கான தேர்வு ஓராண்டுக்கும் முன்பே தொடங்கிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நிந்தெண்டோ, கியோசெரா, ஷிமாட்சு ஆகியவற்றின் தலைமையகங்கள் கியோட்டோவிலேயே இருக்கின்றன. பட்டம் பெற்றபின் வேலை தேடுவதற்காக ஓராண்டு வரை தங்க அனுமதி பெறவும் வழி உண்டு.

சைவ உணவுக்காரர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இறைச்சி இல்லை என்றால் மீன் இல்லை என்று ஆகாது. காய்கறிக் குழம்பிலும் நூடுல்ஸ் சாற்றிலும் 'தாஷி' எனப்படும் மீன்சாறு இருக்கும். 'தாஷியும் கூடாது' என்று தனியாகச் சொல்லுங்கள். கோயில்களின் 'ஷோஜின்' சமையல் முழுச் சைவம், சுவையும் உண்டு, மாணவர் பணப்பைக்குத்தான் ஒத்துவராது. அறையில் ஒரு குக்கரும் பருப்பும் இருந்தால் போதும்.

ஏப்ரலில் மாணவர் குழுக்கள் புதியவர்களைச் சேர்க்கும் வாரத்தில், பேச்சைவிடக் கைவேலை முந்தும் குழு ஒன்றில் சேருங்கள்: மலையேற்றம், வாள்பயிற்சி, தேநீர்க் கலை போன்றவை. உடல் ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போது நாக்கு கட்டவிழும். ஆகஸ்ட் 16 இரவு எட்டு மணிக்கு, தாய்மொன்ஜி மலைச்சரிவில் 'பெரிய' என்ற எழுத்து நெருப்பாக எரியும். முன்னோரின் ஆவிகளை வழியனுப்பும் சடங்கு அது. கமோ ஆறும் தக்கானோ ஆறும் கூடும் இடத்தில் மாணவர்கள் கூட்டமாக நின்று பார்ப்பார்கள். ஆற்றின் குறுக்கே ஆமை வடிவில் கிடக்கும் மிதிகற்கள்மேல் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் 'யாருக்காக எரிக்கிறார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவர் தம் பாட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். ஆடி அமாவாசையைப் பற்றி நீங்களும் சொல்லலாம்.

திரும்பும் முன்

மதிப்பெண் சான்றிதழை ஜப்பானியத்திலும் ஆங்கிலத்திலும் தேவைக்கு மேலேயே பிரதிகள் வாங்கிக்கொள்ளுங்கள். வார்டு அலுவலகத்தில் வெளியேறுவதைப் பதிந்து காப்பீட்டை முடித்துக்கொள்ளுங்கள். இந்த முறை துணைக்கு யாரும் வேண்டாம். பேராசிரியருக்கும் செம்பாய்க்கும் கையால் எழுதிய கடிதம் கொடுங்கள், திருத்துவதற்கு யாரிடமும் காட்டாமல். சைக்கிளை இளைய மாணவருக்குக் கொடுப்பதானால், அதன் திருட்டுத் தடுப்புப் பதிவை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள்; மாற்றாமல் விட்டால், இரவில் காவலர் நிறுத்தி எண்ணைச் சரிபார்க்கும்போது, அவர் தம் ஜப்பானிய வாழ்வின் முதல் நீண்ட உரையாடலைக் காவல் நிலையத்தில் நடத்த நேரிடும்.